கடலுக்குப் போன நாளில் டேட்டா மிச்சம்

"முதன்மைப் பட்டியலுக்குத் திரும்ப, ஒன்பதை அழுத்தவும்..."

சந்திரலேகா ஒன்பதை அழுத்தினாள். அழுத்திய வேகத்தில் கண்ணாடி தெறிக்காமல் இருந்தது புது போனின் நல்ல நேரம்.

"வணக்கம். தமிழில் தொடர, ஒன்றை..."

இணைப்பை வெட்டி, போனை மேஜையில் போட்டாள்.

"பழசு ஆமையாட்டம் போவுது, புதுசு வாங்குங்கக்கான்னு ஒரு மாசமா என் காதுல ஓதினது யாருடா?"

எதிர் நாற்காலியில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்த உதவியாளன் எழிலன் அக்கம்பக்கம் பார்த்தான். வேறு யாரும் இல்லை.

"நான்தான்க்கா. ஆமையைக் குடுத்துட்டு குதிரை வாங்கினா, கொள்ளு ஜாஸ்தி கேக்கத்தானே செய்யும்?"

"நான் ஒரு படம் பாக்கலை. ஒரு பாட்டு கேக்கலை. சாயங்காலம் பாத்தா டேட்டா காலி!"

"நீங்க பாக்கலை. அதுவா பாக்குது." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். "இங்க வாங்க. எந்த ஆப் எவ்ளோ தின்னுச்சுன்னு இந்தப் பக்கத்துல வரும். பாருங்க, இருக்கிற ஆப் எல்லாம் தன்னால அப்டேட் ஆவுது. நீங்க எடுத்த போட்டோ தன்னால மேல ஏறுது. விரல் வைக்கிறதுக்கு முன்னாடியே வீடியோ ஓடுது. இதையெல்லாம் வைஃபை இருந்தா மட்டும்னு மாத்திட்டேன். இது நீங்க கையில வச்சிருந்தப்ப போனது. இது, கீழ வச்சப்புறம் உங்களுக்குத் தெரியாம போனது."

"இதை அந்த ஒன்பதாம் நம்பர்க்காரி சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிட்டா நான் எதுக்குக்கா?"

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. வாசலில் 'லேகா டிடெக்டிவ்ஸ்' என்று பலகை. கொலை, கொள்ளை, கடத்தல் எல்லாம் துப்பறியலாம் என்று நினைத்துத்தான் சந்திரலேகா அந்தப் பலகையை மாட்டினாள். வந்ததெல்லாம் மாப்பிள்ளை குடிப்பானா, பொண்ணுக்கு முன்னாடி யாராவது உண்டா என்கிற விசாரணைகள். அந்தச் சலிப்பு இன்று அவள் முகத்தில் எண்ணெய்போல வழிந்தது.

படியில் தடதடவென்று காலடிச் சத்தம்.

வந்தவனுக்கு முப்பதுக்குள் இருக்கும். உப்புக்காற்றில் கறுத்த முகம், கஞ்சி போட்ட சட்டை, கையில் விலை உயர்ந்த போன்.

"மொதல்ல உங்க வைஃபை பாஸ்வேர்டு குடுங்க. என் டேட்டா தீந்துபோச்சு. காட்ட வேண்டியது எல்லாம் இதுலதான் இருக்கு."

"டேட்டா தீந்து போச்சுன்னு துப்பறியிற ஆளைத் தேடி வந்த மொத மனுஷன் நீங்கதான் சார்," என்றபடி எழிலன் போனை வாங்கி இணைத்துக் கொடுத்தான்.

வந்தவன் சிரிக்கவில்லை. "என் பேரு ஹரிஷ். தேவனாம்பட்டினம். சொந்தமா மீன்பிடி போட்டு இருக்கு. டேட்டா தீர்றதைப் பத்தித்தான் நானும் வந்திருக்கேன். ஆனா என்னோடது இல்ல. எனக்கு நிச்சயம் பண்ணியிருக்கிற பொண்ணோடது."

சந்திரலேகா நிமிர்ந்தாள்.

"பூஜான்னு பேரு. எங்க சாதி சனந்தான், கிள்ளைப் பக்கம். சிதம்பரத்துல ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை. அண்ணாமலை நகர்ல தங்கியிருக்கு. நிச்சயதார்த்தத் தட்டுல புடவை, மோதிரத்தோட ஒரு புது போனும் வச்சோம். இப்பல்லாம் எல்லாரும் வைக்கிறதுதான். பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நானே எல்லாம் செட் பண்ணி ரெடியா குடுத்தேன். ரீசார்ஜும் நம்மதுதான். அதனால அது எவ்ளோ டேட்டா செலவு பண்ணுதுன்னு என் போன்லயே தெரியும்."

"ரொம்ப ஜாஸ்தியா?"

"மத்தியானத்துக்குள்ள ரெண்டு ஜிபியும் காலி மேடம்! பழைய போன்ல ஒரு வாரம் சேத்து வச்சாலும் அவ்ளோ போவாது. நான் மேல மேல போட்டு விடுறேன், அதுவும் காலி. எவன்கிட்டயோ வீடியோ கால்லயே குடும்பம் நடத்துறா."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"எவ்ளோ பாக்குறேன்னு கேட்டேன். நான் ஒண்ணுமே பாக்கலைன்னு சாதிக்கிறா. பாக்காம எப்புடி மேடம் தீரும்?"

"புது போன்னா அப்டேட் அது இதுன்னு..." எழிலன் ஆரம்பித்தான்.

"அதெல்லாம் குடுக்கிறப்பவே ஆஃப் பண்ணித்தான் குடுத்தேன்." ஹரிஷ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். குரல் தாழ்ந்தது. "இன்னொரு விசயம் கேளுங்க. நான் தொழிலுக்குப் போற அன்னிக்கு, கடலுக்குள்ள போயிட்டு வந்து பாத்தா, அன்னிக்கு மட்டும் டேட்டா அப்புடியே கெடக்கு. தொட்டே இருக்க மாட்டா."

"அதனால?"

"இன்னா மேடம், இது புரியலையா? நான் கரையில இல்லன்னு அவளுக்குத் தெரியும். அன்னிக்கு நேர்லயே பாத்துக்குறாங்க. நேர்ல பாக்கிறவங்களுக்கு எதுக்கு டேட்டா?"

எழிலன் கையிலிருந்த கடலையைக் கீழே வைத்துவிட்டான். "சார், இவ்ளோ மூளையை வச்சுகிட்டு எங்களை ஏன் தேடி வந்தீங்க?"

"பேரு வேணும். ஆளு யாருன்னு தெரியணும்," என்றான் ஹரிஷ். "பத்திரிகை அடிக்கப் போறாங்க. அதுக்குள்ள தெரிஞ்சா நல்லது. தெரியலைன்னாலும் வர்ற ஞாயித்துக்கிழமை ஊர்ப் பஞ்சாயத்துல எழுந்து நின்னு, பொண்ணு சரியில்ல, தட்டுல வச்சதைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டுடுவேன்."

சந்திரலேகாவுக்குச் சட்டென்று வாய் கசந்தது. கடற்கரை ஊரில் பஞ்சாயத்தில் ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டால் போதும். பக்கத்துக் குப்பம், அடுத்த குப்பம் என்று கரையோரமாகவே பேச்சு நடந்து போகும். அந்தப் பெண்ணைக் கேட்டு அப்புறம் எவனும் வர மாட்டான். ஒரு பெண்ணின் வாழ்க்கை போவது, வெறும் ரெண்டு ஜிபிக்கா?

"இன்னிக்கே போறோம்," என்றாள்.

---

சிதம்பரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது ஆலப்பாக்கம் தாண்டித்தான். அதுவும் சக்கரத்துக்கு மேல். ஒவ்வொரு பள்ளத்துக்கும் சந்திரலேகாவின் தலை கூரையை விசாரித்துவிட்டு வந்தது.

"எனக்கென்னவோ அந்தப் பொண்ணு படம் பாக்குதுக்கா. அவமானம்னு சொல்லாம இருக்கு," என்றான் எழிலன். "எங்க அத்தை இப்படித்தான். சாமி பாட்டுன்னு சொல்லிட்டு சீரியலா பாத்து..."

"கடலுக்குப் போற நாள்ல மட்டும் சீரியல் பாக்க மாட்டாளா?"

எழிலன் வாயை மூடிக்கொண்டான். அவன் வாயை மூடவைக்கும் கேள்வி கிடைப்பது அபூர்வம். ஆனால் பதில் தெரியாத கேள்வியாக அது இருந்ததில் அவளுக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. ஒருத்தன் ஊரில் இருந்தால் தீர்கிறது. கடலுக்குள் போனால் தீரவில்லை. அவன் சொல்லும் காரணம் கோணல். கோணல் என்று தெரிகிறதே தவிர, நேர் எது என்று தெரியவில்லை.

போன் அடித்தது. ஹரிஷ்.

"போய்ச் சேந்துட்டீங்களா மேடம்?"

"புதுச்சத்திரம்தான் வந்திருக்கோம். நீங்க எங்க இருக்கீங்க?"

"உங்க ஆபீஸுக்குக் கீழ ஜெராக்ஸ் கடையிலயேதான் உக்காந்திருக்கேன். இங்க வரைக்கும் வைஃபை நல்லா எடுக்குது."

"வீட்டுக்குப் போங்க ஹரிஷ்."

"ஆளு கெடைக்கிற வரைக்கும் நவுர மாட்டேன் மேடம்."

---

லேப் தெற்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. உள்ளே ஸ்பிரிட் வாசனை. சுவரோரம் கையைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு நாலைந்து பேர்.

"நம்ம ரெண்டு பேர்ல யாருக்காவது சோதனை பண்ணியாகணும்," என்றாள் சந்திரலேகா. "எனக்கு ரத்தம் பாத்தா மயக்கம்."

"எனக்கு ஊசி பாத்தா மயக்கம்க்கா."

"நீ பாக்காத."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எழிலனின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டியவள்தான் பூஜா. ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு இருந்தாள். தூக்கம் கெட்ட முகம். காதல் வந்து தூக்கம் கெட்ட முகத்தைச் சந்திரலேகா நிறையப் பார்த்திருக்கிறாள். அதில் ஒரு மினுமினுப்பு இருக்கும். இதில் இல்லை.

"காலையில சாப்பிட்டீங்களா?"

"பொங்கல். வடை. அப்புறம் அக்காவோட வடை," என்றான் எழிலன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

பூஜாவின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது.

"ஒரு அவசரக் கால் பண்ணணும். என் போன்ல சார்ஜ் இல்ல, உன் போனைக் குடேம்மா," என்று சந்திரலேகா தூண்டிலைப் போட்டாள்.

"எங்க போன் எல்லாம் அந்த அலமாரியில இருக்குங்க. சாம்பிளைத் தொடுற கையில போனைத் தொடக் கூடாது. வந்ததும் வச்சுப் பூட்டிடுவாங்க, சாப்பாட்டுக்குப் போறப்பதான் தருவாங்க."

மூலையில் ஓர் இரும்பு அலமாரி. பூட்டியிருந்தது.

சந்திரலேகா வராந்தாவுக்கு வந்து ஹரிஷுக்கு ஒரு செய்தி தட்டினாள். *பூஜாவோட டேட்டா இப்ப எவ்ளோ மிச்சம்?*

பதில் பறந்து வந்தது. *பாதிக்கு மேல காலி. இப்பகூட போயிகிட்டே இருக்கு மேடம். எவன்கிட்டயோ இந்த நிமிசமே பேசிகிட்டு இருக்கா!!!*

தலையைத் திருப்பினாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், அந்த நிமிஷத்தில், பூஜாவின் ஒரு கை ஊசியிலும் மறு கை எழிலனின் முழங்கையிலும் இருந்தது. எழிலன், "முடிஞ்சுதா... முடிஞ்சுதா..." என்று முனகிக்கொண்டிருந்தான்.

பேசிக்கொண்டிருப்பது பூஜா இல்லை. பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் போன்.

யாரோடு?

---

மதியச் சாப்பாட்டு நேரம். எதிர்ச் சந்தில் ஒரு சின்ன மெஸ். பூஜா டிபன் பாக்ஸோடு ஓர் ஓர மேஜையில் உட்கார்ந்து, போனை மல்லாக்க வைத்தாள்.

பின்தொடர வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், நாலு பேரிடம் நைசாக விசாரிக்க வேண்டும். தொழில்முறை அதுதான். சந்திரலேகாவுக்கு அந்த முறை எல்லாம் திடீரென்று அலுத்துப்போனது. நேராகப் போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"பூஜா, என் பேரு சந்திரலேகா. கடலூர். துப்பறியிற தொழில். ஹரிஷ்தான் அனுப்பினாரு. உன் டேட்டா எங்க போவுதுன்னு கண்டுபிடிக்க. தெரியலைன்னாலும் ஞாயித்துக்கிழமை பஞ்சாயத்துல எழுந்து நின்னு பொண்ணு சரியில்லன்னு சொல்லிடுவாராம்."

எழிலன் வைத்த கண் வாங்காமல் அவளைப் பார்த்தான். "நாம இனிமே ஒளியவே வேணாம்க்கா. போர்டைக் கழுத்துல மாட்டிகிட்டு நடக்கலாம்."

பூஜா கத்துவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் டிபன் பாக்ஸை மெதுவாக மூடினாள்.

"துப்பறியிறவங்களை அனுப்புற அளவுக்கா?" என்றாள். "எனக்குத்தாங்க பைத்தியம் பிடிக்குது. வாட்ஸப் மட்டும் வச்சுகிட்டு மத்ததெல்லாம் எடுத்துட்டேன். யாரும் வீடியோ அனுப்பினா திறக்கறது இல்ல. கடையில கொண்டுபோய்க் காட்டினா, புது போன்னா அப்படித்தான் இழுக்கும்னு சிரிக்கிறான். எங்க அம்மாகிட்ட சொன்னா, போனைக் கையால தொடாம இருடிங்குறாங்க. தொடலைங்க! தொடாமலே தீருது. தெனமும் சாயங்காலம் ஹரிஷ் மாமா கூப்பிட்டு, இன்னிக்கு எவ்ளோ பாத்தேன்னு கேக்குறாரு. போலீஸ்காரன் மாதிரி. அவரு நெனைக்கிறது எனக்குப் புரியாம இல்ல. இல்லாத ஒருத்தனை இல்லன்னு எப்படிங்க காட்டுறது?"

கண் கலங்கவில்லை. குரல்தான் உடைந்தது.

"அந்தப் போனைக் காட்டும்மா."

காலையில் எழிலன் கற்றுக்கொடுத்த அதே பக்கம். சந்திரலேகா அதைத் தானே தேடித் திறந்தாள். வாட்ஸப்புக்குப் போனது கொஞ்சம். மற்றவற்றுக்குப் போனது ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, மலைபோல, ஒரே ஓர் ஆப். துடைப்பம் படம். பெயர், கிளீனர்.

எழிலன் எட்டிப் பார்த்தான். "நாப்பது ஜிபியா! அதுல சிதம்பரத்தையே பெருக்கி கோலமும் போட்டுடலாமேக்கா."

"இது நீ போட்டதா?"

"இல்லைங்க. மாமா குடுக்கிறப்பவே இருந்துச்சு. போன் சூடாகாம இருக்கும், எடுத்துடாதன்னாரு."

சந்திரலேகா அந்தத் துடைப்பத்தின் மேல் விரலை வைத்தாள். கையில் இருந்தபோது செலவானது, சுத்தமாக இல்லை. கீழே வைத்த பிறகு செலவானது, முழுசும். அதற்கு அனுமதி கொடுத்திருந்த விஷயங்களைப் பார்த்தாள். கேமரா. மைக். இருக்கும் இடம்.

அவள் மனத்துக்குள் எங்கேயோ மூடியிருந்த கதவு ஒன்று திறந்துகொண்டது.

"எழிலா. காலையில வந்ததும் ஹரிஷ் மொதல்ல என்ன கேட்டான்?"

"வைஃபை பாஸ்வேர்டு."

"ஏன்?"

"அவர் டேட்டாவும் தீந்து..." எழிலனின் வாய் திறந்தபடி நின்றது.

"இவ போன்ல தீர்றப்ப அவன் போன்லயும் தீருது. அவன் கடலுக்குப் போனா டவர் இல்ல. அவனுக்கு டவர் இல்லாத அன்னிக்கு மட்டும் இவளுக்கு மிச்சமாவுது. நேர்லயும் பாக்கலை, ஒரு மண்ணும் பாக்கலை. பூஜா, இது கிளீனர் இல்லம்மா. உன் போனோட கேமராவையும் மைக்கையும் அங்க இருந்து திறந்து பாக்கிற ஆப். டேட்டா உள்ள வரலை, வெளிய போவுது. பாக்கிறவனுக்கு மட்டுந்தான் செலவாவும்னு நெனைச்சுட்டான். காட்டுற போனுக்கும் செலவாவும்னு தெரியலை. அவன் உளவு பாக்கப் பாக்க உன் டேட்டா தீருது. தீரத் தீர அவனுக்குச் சந்தேகம். சந்தேகம் வர வர இன்னும் பாக்குறான்."

"பத்தாததுக்கு மேல மேல டேட்டா வேற போட்டு விடுறாரு," என்றான் எழிலன். "ஆனா அலமாரிக்குள்ளக்கா... தெனமும் ரெண்டு ஜிபிக்கு அந்த ஆளு இருட்டையா பாத்துகிட்டு இருந்தாரு?"

யாரும் சிரிக்கவில்லை. அவனும்கூட.

பூஜா போனையே வெறித்துக்கொண்டிருந்தாள். சமையலறை, லேப், தங்கியிருக்கும் அறை, கட்டில் ஓரம் என்று அந்தப் போன் சாய்ந்து கிடந்த இடமெல்லாம் அவள் மனத்தில் ஓடுவதைச் சந்திரலேகாவால் பார்க்க முடிந்தது. கை தானாகத் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டது.

"அக்கா," என்றாள், சத்தமே இல்லாமல். "இந்த மூலையில ஒரு பச்சைப் புள்ளி வரும். அப்பப்ப வரும், போவும். சார்ஜ் சம்பந்தப்பட்டதுன்னு நெனைச்சேன்."

"கேமராவோ மைக்கோ ஓடுறப்ப வர்றதும்மா அது."

"இப்ப எரியுதுக்கா."

மேஜை மேல் மல்லாந்து கிடந்த போனின் உச்சியில், கடுகளவுக்கு ஒரு பச்சைப் பொட்டு. அலமாரி திறந்ததிலிருந்து, மெஸ்ஸுக்கு வந்ததிலிருந்து, 'ஹரிஷ்தான் அனுப்பினாரு' என்று சந்திரலேகா சொன்னதிலிருந்து அது எரிந்திருக்க வேண்டும்.

அத்தனையும் கேட்டிருக்கிறான்.

"நம்ம வைஃபையில," என்று எழிலன் பல்லைக் கடித்தான்.

சந்திரலேகா போனை எடுக்கக் கை நீட்டினாள். பூஜா முந்திக்கொண்டாள். இரண்டு கையாலும் எடுத்து, முகத்துக்கு நேராக நிமிர்த்தினாள்.

"மாமா. நான் பூஜா பேசுறேன். நீங்க பாத்துகிட்டு இருக்கீங்கன்னு தெரியும்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நான் கத்த மாட்டேன். இந்தக் கருமத்தை அணைச்சுட்டு, இப்பவே என் நம்பருக்குக் கூப்பிடுங்க. மன்னிப்புகூட வேணாம். என்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசுங்க. மீதியை நாம ரெண்டு பேரும் பேசிக்கலாம். ஊருக்குத் தெரிய வேணாம்."

பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. பக்கத்து மேஜையில் யாரோ ரசம் கேட்டார்கள்.

பிறகு, புள்ளி அணைந்தது.

பூஜா போனைப் பிடித்தபடியே இருந்தாள். அவளுடைய முகத்தில், இத்தனைக்குப் பிறகும், ஒரு துளி நம்பிக்கை ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது சந்திரலேகாவுக்கு ஹரிஷை அறைய வேண்டும்போல இருந்தது.

போன் அடித்தது.

சந்திரலேகாவின் கைப்பைக்குள்.

எடுத்துப் பார்த்தாள். ஹரிஷ். அவள் எடுக்கவில்லை. நின்றது. ஒரு நொடிகூட ஆகவில்லை, மறுபடி அடித்தது. அதே பெயர். பூஜாவின் கையிலிருந்த போன் செத்த மீன்போலக் கிடந்தது.

பூஜா அதைக் கவிழ்த்து வைத்தாள். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, அதன் நுனியால் ஓரத்தில் குத்தி சிம்மை வெளியே எடுத்து, கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். போனை மட்டும் மேஜை நடுவுக்குத் தள்ளினாள்.

"இந்தத் துடைப்பத்தை அழிக்க வேணாம்க்கா. அப்படியே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை பஞ்சாயத்துல அவரு எழுந்து நிக்கிறதுக்கு முன்னாடி எங்க அப்பா எழுந்து நிப்பாரு. நீங்க ரெண்டு பேரும் வருவீங்களா?"

"வருவோம்," என்றான் எழிலன். விகடம் எதுவும் சேர்க்கவில்லை.

சந்திரலேகாவின் கையில் போன் விடாமல் அலறியது. மெஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எடுத்துப் பேசுங்கக்கா," என்றாள் பூஜா. டிபன் பாக்ஸைத் திறந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள். "கல்யாணத்துக்கு விசாரிக்கத்தானே வந்தீங்க? விசாரிச்சுப் பாத்தோம், மாப்பிள்ளை சரியில்லன்னு சொல்லிடுங்க."

சந்திரலேகா போனைக் காதில் வைத்தாள்.

"சொல்றேன் ஹரிஷ்," என்றாள். "நல்லாக் கேட்டுக்கோ."